இருநூறுக்கு ஒன்பது குறைவு

கப்பலில் அவருக்கு ‘அரைக்கரண்டி’ என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் இருபத்தொரு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். தட்டில் முதல் தடவை அரைக்கரண்டிதான் விழும். “தின்னுட்டு வா, மறுபடி போடறேன்” என்பார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுகிற கப்பலில் நிறைந்த தட்டு வயிற்றுக்குப் போகாது, சட்டைக்குத்தான் போகும். இருபத்து நாலு வருடம் கப்பலில் சமைத்தவருக்கு இது தெரியாதா?

அவருடைய சமையலறையைப் பார்த்தால் கரையில் சமைக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அடுப்பைச் சுற்றி முழங்கை உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. பாத்திரம் நகராமல் இருக்க அதற்கு மேல் குறுக்குக் கம்பிகள். அண்டாவில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் கொக்கி. காற்று பலமாக அடிக்கிற நாளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முட்டை உடைப்பார். ஓடு உள்ளே விழாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடலுக்குப் போனபோது இருபத்திரண்டு வயது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா ஒரு நூல் ஆலையின் கேண்டீனில் பாத்திரம் தேய்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரை ஆளாக்கினாள். முதல் கப்பலில் அவருக்குத் தட்டு கழுவுகிற வேலை. எட்டு மாதம் கழித்து வீடு திரும்பியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். “இனிமே போகல அம்மா. குடலே வெளிய வந்துடும் போல இருக்கு” என்றார். அம்மா அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள். “வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போ. கரையில உனக்கு யாரு நாற்காலி போட்டு வச்சிருக்கா?” என்றாள். இரண்டு மாதத்தில் மறுபடி ஏறினார். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே பேச்சுதான். கல்யாணமான மூன்றாம் மாதம் ஒரு கப்பல் கூப்பிட்டது, போ என்றாள். மகள் பிறந்த வாரம் ஒன்று கூப்பிட்டது, அதற்கும் போ என்றாள். நான் பார்த்துக்கறேன், நீ போ. அவள் பார்த்துக்கொள்ளவும் செய்தாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இந்தத் தடவை கடைசித் தடவை என்று முடிவெடுத்துத்தான் ஏறினார். பட்டறைகள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவில் சாப்பாட்டுக் கடை ஒன்று கைமாற இருந்தது. நூற்றைம்பது தொழிலாளிகள் மத்தியானம் பசியோடு வெளியே வருகிற தெரு. அவர் மனைவி ஒரு நாள் மத்தியானம் முழுக்க எதிர்ப்புறம் நின்று தலை எண்ணிவிட்டு வந்தவள். தையல் கடையில் உட்கார்ந்து சட்டைக் காலர் தைக்கிறவள், எண்ணிக்கையில் ஏமாறமாட்டாள். கடைக்கு முன்பணம் கொடுக்கச் சேமிப்பு முக்கால்வாசி இருந்தது. மீதி இந்த வருடச் சம்பளத்தில் வந்துவிடும் என்பது கணக்கு.

அங்கேதான் வரிக்காரன் குறுக்கே வந்தான்.

இந்த வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொட்டாவி விடாமல் கேளுங்கள். பழைய சட்டம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். வருடத்தில் பாதி நாள் கப்பலில் இருந்தால் சம்பளத்துக்கு வரி கிடையாது. மாலுமிப் புத்தகத்தில் கப்பல் ஏறிய தேதி, இறங்கிய தேதி இரண்டையும் காட்டினால் முடிந்தது வேலை. இந்த வருடம் அதை மாற்றிவிட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைக் கம்பெனியே முதலில் பிடித்து வரி அலுவலகத்தில் கட்டிவிடும். இருநூறு நாள் ஒரே மூச்சாக நாட்டுக்கு வெளியே இருந்தேன் என்று மாலுமி நிரூபித்தால் பிடித்தது எல்லாம் திரும்பி வரும். கப்பலில் இருந்தாலும் சரி, அடுத்த நாட்டுக் கரையில் இருந்தாலும் சரி, நாள் நாள்தான். ஆனால் ஒரு நாள் குறைந்தாலும் ஒரு காசு வராது. நடுவில் சொந்த ஊர் மண்ணை மிதித்துவிட்டால் எண்ணிக்கை அறுந்துபோகும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதினவர்கள் ஒரு நாளாவது எண்ணெய்ச் சட்டியோடு அலையில் நின்றிருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா என்பது என் கேள்வி. அதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்.

கம்பெனியின் அறிவிப்பு சாப்பாட்டு அறைப் பலகையில், அன்றைய சமையல் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. அரைக்கரண்டி மாவுக் கையோடு நின்று அதை இரண்டு தடவை படித்தார். முதல் மாதம் கைக்கு வந்த சம்பளத்தைப் பார்த்ததும் ஆட்கள் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டினார்கள்.

“அண்ணே, இன்னைக்கு உப்பு ஜாஸ்தி” என்றான் ஃபிட்டர். இரும்பு வேலை பார்க்கிறவன், வயதில் பத்து வருடம் சின்னவன், வாய் மட்டும் எல்லாருக்கும் மூத்தது.

“சம்பளம்தான் கொறஞ்சு போச்சு. உப்பாவது கூட இருக்கட்டும், தின்னு” என்றார் அவர்.

சிரித்துச் சமாளித்தாரே தவிர, அன்றிலிருந்து அவர் மனதில் இருநூறு என்ற எண் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் திரும்பி வர வேண்டும். கடையின் கதவு அந்தப் பணத்தில் இருந்தது. சரக்கு அறையின் உள்பக்கக் கதவில் சாக்பீஸால் தினமும் ஒரு கோடு போட்டார்.

நூற்று எண்பத்தாறாவது கோட்டில் கப்பலை விற்றுவிட்டார்கள். வாங்கினவர்களுக்குச் சொந்த ஆட்கள் இருந்தார்கள். எல்லாரையும் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கி, வீட்டுக்குப் போக டிக்கெட்டும் கொடுத்தார்கள். அந்தத் துறைமுகம் எங்கே இருந்தது என்கிறீர்கள்? அவர் நாட்டுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு நீர்ச்சந்தி. படகில் ஒன்றரை மணி நேரம். வானம் தெளிவாக இருக்கிற காலையில் அங்கிருந்து பார்த்தால் அவர் ஊர்ப் பக்கத்து மலைகள் தெரியும்.

டிக்கெட் தேதியைப் பதினாலு நாள் தள்ளிப் போட்டுவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய மாலுமி விடுதியில் ஓர் இரும்புக் கட்டிலைப் பிடித்தார். அங்கே இவரைப் போல ஏழு பேர். எல்லாரும் நாள் கழிக்க வந்தவர்கள். ஃபிட்டரும் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். அவன் கப்பல் ஏறியது வேறொரு நாட்டுத் துறைமுகத்தில். அவனுக்கும் இன்னும் நாள் பாக்கி. காலையில் எழுந்து பல் துலக்கி, ஜன்னல் வழியாகச் சொந்த நாட்டைப் பார்த்துவிட்டு, சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். ஜெயிலில்கூட ஆளுக்கு ஒரு குற்றம் இருக்கும். இவர்கள் செய்த குற்றம் என்ன?

அரைக்கரண்டிக்குச் சீட்டு வராது. சும்மா இருந்தால் கை அரிக்கும். இரண்டாம் நாளே விடுதி நிர்வாகியிடம் போய், காலைச் சாப்பாட்டை நான் செய்கிறேன், கட்டில் வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசி முடித்துவிட்டார். விடுதியின் ரொட்டி அதுவரை செங்கல்லுக்குப் பயன்படும்படி இருந்தது. ஒரு வாரத்தில் பக்கத்துக் கிடங்கு ஆட்கள்கூடக் காலையில் எட்டிப்பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கடைத்தெருவில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, அறுவை செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மருந்தால் அடைப்பைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம். வியாழக்கிழமைக்கு மேல் தள்ளினால் தான் பொறுப்பில்லை என்றார்.

அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். மனைவி போனில் அழாத குறையாகச் சொன்னாள். “அத்தை ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நீங்க அந்த இருநூறு நாளை முடிச்சுட்டு வந்த பிறகுதான் கத்தி வைக்க விடுவாங்களாம். போனை அவங்ககிட்டயே குடுக்கறேன், பேசுங்க.”

“அம்மா, நான் இப்பவே வரேன்” என்றார்.

“உதை விழும். உனக்கு என்னைக்கு முடியுது?”

“செவ்வாய்க்கிழமையோட இருநூறு. புதன்கிழமை மொதல் படகுல வரலாம்.”

“டாக்டர் வியாழன் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. அப்புறம் என்ன? புதன் வா, வியாழன் வெட்டட்டும். அதுக்குள்ள நான் எங்கயும் ஓடிப் போகல” என்றாள். “ஆறரை மாசம் தண்ணியில கெடந்த காசை நாலு நாளுக்காகத் தூக்கிக் குடுத்துடாதே. அங்கயே இரு.”

அவர் இருந்தார். அந்த நாட்களில் மாவு பிசைந்ததைப் பார்த்த ஃபிட்டர், மாவு உங்களுக்கு என்னண்ணே பண்ணுச்சு என்று கேட்டான். வெள்ளி, சனி, ஞாயிறு போயின.

திங்கட்கிழமை காலை ரொட்டி அடுப்பில் இருந்தபோது போன் வந்தது. ஊரில் அவருக்கு வரித்தாள் எழுதிக்கொடுக்கும் கணக்கர். நல்ல மனிதர், ஒரு தாளை மூன்று தடவை பார்க்கிறவர். அன்றைக்கு அந்த நல்ல குணமே எமனாக வந்தது.

“சார், கம்பெனில கேட்டு இப்பத்தான் உங்க நம்பர் கெடச்சுது” என்றார் கணக்கர். “நீங்க அனுப்பின தாளெல்லாம் பார்த்தேன். உங்க எண்ணிக்கையில ஒம்பது நாள் ஒதைக்குதே.”

“எப்படி சார்? மாலுமிப் புத்தகத்துல தேதி இருக்கே.”

“அது கப்பல் ஏறின தேதி. கேப்டன் குடுத்த சான்றுல பாருங்க, ஏறினதுக்கு அப்புறம் ஒம்பது நாள் கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வெளியவே நங்கூரம் போட்டு நின்னிருக்கு. அது நம்ம எல்லைக்குள்ள. புதுச் சட்டப்படி எல்லையத் தாண்டின நாள்லேருந்துதான் எண்ணணும்.”

அரைக்கரண்டி அடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தரை ஆடவில்லை, கை தானாகப் போனது.

எல்லா மாலுமியும் செய்கிற தவறுதான். வேறு யாருக்கும் இது வராது. மாலுமிக்குக் கப்பல் ஏறிவிட்டால் ஏறினதுதான். வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயிற்று, புத்தகத்தைக் கேப்டனிடம் கொடுத்தாயிற்று, அப்புறம் கரை நாலு மைலில் இருந்தால் என்ன, நாலாயிரம் மைலில் இருந்தால் என்ன? அதிலும் சமையல்காரர். சரக்குக்குக் காத்து நின்ற அந்த ஒன்பது நாளும் அவர் சாக்கு அடுக்கி, இறைச்சியை உறைய வைத்து, முட்டை எண்ணிக்கொண்டிருந்தார். வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை. முதல் சாக்பீஸ் கோட்டை அன்றே போட்டுவிட்டார். வீட்டுக்குப் போகவும் முடியாது, வெளியே இருந்ததாகவும் சேராது என்றால் அந்த ஒன்பது நாளும் அவர் எங்கேதான் இருந்தார்? சட்டத்தைக் கேட்டால் சொல்லாது.

“அப்போ நான் என்னைக்கு வரலாம்?”

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்க சார். ஒம்பது நாள்தானே, பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுங்க. ஒரு நாள் முன்னால வந்தாலும் எல்லாம் போயிடும்.”

ரொட்டி கருகிப்போனது. இருபத்து நாலு வருடத்தில் இரண்டாவது தடவை. விடுதிக்காரர்கள் கருகினதைச் சுரண்டித் தின்றுவிட்டு, மரியாதையாக ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

அன்று மத்தியானம் அவர் படகுத் துறைக்கு நடந்தார். ஃபிட்டரும் கூடவே வந்தான். விஷயத்தைச் சொன்னார்.

“அம்மாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க அண்ணே. நீங்க இல்லாமலே ஆபரேஷன் பண்ணிக்கட்டும். அதுக்குத்தான் டாக்டர் இருக்காரு, அண்ணி இருக்காங்க. நீங்க போய் என்ன பண்ணப்போறீங்க, கத்தியையா பிடிக்கப்போறீங்க?”

“எங்கம்மாவ உனக்குத் தெரியாது. இன்னும் ஒம்பது நாள்னு சொன்னா, ஒம்பது நாள் தள்ளிப் போடுன்னு டாக்டரையே மிரட்டுவா. அவ எனக்காக உயிரையே வட்டிக்கு விடற ஆளு.”

“அப்ப என்ன பண்ணப்போறீங்க?”

அவர் எதிர்க்கரையைப் பார்த்தார். மேகம் மூடியிருந்தது, மலை தெரியவில்லை. பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் கோபம் இன்னும் ஏறியது. கடையை நினைத்தார். அடுப்பை எங்கே போடுவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று ஆறரை மாதமாகத் தூங்குவதற்கு முன் தினமும் அமைத்துப் பார்த்த கடை. இப்போது போனால் அது போயிற்று. இன்னொரு கப்பல் ஏற வேண்டும், இன்னும் ஒரு வருடம். நாற்பத்தாறு வயதில் முழங்கால் வேறு மக்கர் பண்ணுகிறது.

அதே நேரம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இந்த இருபத்து நாலு வருடத்தில் அவர் அவளோடு இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து வருடம் தேறுமா என்பதே சந்தேகம். அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை, கேட்டால் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை.

“புதன்கிழமை போறேன்” என்றார். “நாள் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுவேன்.”

“ரெண்டு மாசச் சம்பளம் அண்ணே.”

“எனக்கும் கூட்டத் தெரியும்.”

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. அந்தக் கடையை அவளும் எத்தனை நாள் மனதில் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும்.

“வந்துடுங்க” என்றாள். “கடைக்காரர்கிட்ட நான் போய்ப் பேசறேன். ஒரு வருஷம் பொறுப்பாரான்னு கேக்கறேன். பொறுக்கலேன்னா ஊர்ல அது ஒண்ணுதான் கடையா?”

“மறுபடி கப்பல் ஏறணும்.”

“ஏறுங்க. இத்தனை வருஷம் ஓட்டினவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் ஓட்டத் தெரியாதா? அத்தைகிட்ட மட்டும் வாய் விட்டுடாதீங்க. நானும் மூச்சு விடமாட்டேன்.”

புதன்கிழமை முதல் படகு. சொந்த நாட்டுக் கரையில் கடவுச்சீட்டைச் சோதிக்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டக்கென்று முத்திரை குத்தித் தள்ளினாள். நூற்றுத் தொண்ணூற்றொன்றில் எண்ணிக்கை அறுந்தது. அவர் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தார்.

மருத்துவமனையில் மூன்றாவது மாடி, ஆறு கட்டில் போட்ட அறை. அம்மா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். உருவம் பாதியாகச் சுருங்கியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“நாள் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா. நேத்தோட இருநூறு.”

நாலு கேள்வி கேட்பாள், தேதி கேட்பாள் என்று பதிலோடு வந்திருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், போர்வை நுனியை இழுத்து நேராக்கினாள், சரி என்றாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, “அந்தத் தாளைக் கொண்டாம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று அரைக்கரண்டி மூச்சு விட்டார்.

அன்று முழுக்க அவர் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். அவருடைய கையை அவள் பிடித்தபடி தூங்கினாள். அவள் அப்படிப் பிடிக்கிறவள் இல்லை. மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழன் காலை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரம். வராந்தாவின் பச்சைப் பெஞ்சில் அவரும் மனைவியும் மகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றார். அரைக்கரண்டி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மகள்தான் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். அம்மா பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கடைக்காரர் ஒரு வருடம் பொறுக்க முடியாது, ஆறு மாதம் வேண்டுமானால் பார்க்கிறேன் என்றார். மனைவி பேசிப் பேசி அதை எட்டு மாதமாக்கினாள். வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, நாலே வரி. நாள் போதவில்லை, பிடித்தது பிடித்ததுதான். இவர் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மறுநாளே கப்பல் கம்பெனிகளுக்கு நடக்க ஆரம்பித்தார். மூன்று இடத்தில் வயதைக் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்கள். நாலாவது இடத்தில், சமைத்துக் காட்டட்டுமா என்று கேட்டு அவர்கள் சமையலறைக்குள்ளேயே புகுந்துவிட்டார். ஏழு மாத ஒப்பந்தம் கையில் வந்தது. ஏழு மாதம் என்றால் இருநூற்றுப் பத்து நாள். இந்தத் தடவை கப்பல் எல்லை தாண்டுகிற தேதியைக் கேப்டனிடமே எழுதி வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார்.

கிளம்புகிற காலையில் பையை வாசல் பக்கம் வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் வெட்டின தழும்பு கழுத்துப் பக்கம் கொஞ்சம் தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் சொல்வது, பஸ்ஸை விட்டுடாதே, போ. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

“உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

உட்கார்ந்தார்.

“நீ மறுபடி போறது என்னாலதான்டா. உன் கணக்கர் சனிக்கிழமையே எனக்குப் போன் பண்ணாரு. அவர்கிட்ட இருந்தது என் நம்பர்தானே. ஒம்பது நாள் ஒதைக்குது, உங்க பையனைக் கூட ஒம்பது நாள் அங்கயே இருக்கச் சொல்லுங்கன்னாரு. நான் சொல்லிடறேன்னு போனை வச்சேன்.” அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். “சொல்லல. உனக்குத் தெரியாமலே உன்னை வரவச்சு, உன் காசைத் தொலைச்சுட்டேன்.”

அரைக்கரண்டி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்மா” என்றார். “தெரிஞ்சுதான் வந்தேன்.”

“அப்புறம் ஏண்டா முடிஞ்சுதுன்னு பொய் சொன்ன?”

“சொன்னா நீ கையெழுத்துப் போடமாட்டேன்னுதான். நீ ஏன் சொல்லல?”

அவள் போர்வை நுனியை இழுத்து நேராக்கினாள். ஆலைக் கேண்டீன் மேஸ்திரியை எதிர்த்துப் பேசினவள், கடன் கேட்டு வந்தவனை வாசலிலேயே நிறுத்தினவள், மருத்துவமனையில் டாக்டரையே அதட்டினவள். வார்த்தைக்குத் தடுமாறி அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

“எனக்கு பயமா இருந்துச்சுடா” என்றாள். “சொன்னா நீ அங்கயே உட்கார்ந்துடுவ. நான் சொன்னாதான் கேப்பியே. இருபத்து நாலு வருஷமா போ போன்னே சொல்லிப் பழகிட்டேன். வாடான்னு கூப்பிடணும்னு இருந்துச்சு, வாய் வரல. அதான் சும்மா இருந்துட்டேன்.”

அவர் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், அதில் மறைக்க என்ன இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. மனைவி அவசரமாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, பஸ் போயிடுச்சே.”

“அடுத்தது ஒம்பது மணிக்கு இருக்கு. அதுல போறேன்” என்றார் அவர். அம்மாவின் கையை விடவில்லை.